சீசாவும் பொட்டலமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கஞ்சா சட்டத்தையும் மதுச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசப்போகிறேன் என்று எழுதி அனுப்பியதும், அமைப்பாளர்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, தலைப்பைக் கொஞ்சம் மாற்றி வைக்கலாமா? அழைப்பிதழ் வீடுகளுக்கெல்லாம் போகுமே" என்றார். மதுவிலக்கைப் பற்றி மட்டும் பேசுவதாக இருந்திருந்தால் அவருக்கு இந்தத் தயக்கம் வந்திருக்காது. அவர் மேல் குறையில்லை. நம் எல்லோருக்குள்ளும் இருக்கிற தயக்கம்தான் அது. அது எங்கிருந்து வந்தது என்பதையே இன்றைக்குப் பார்க்க விரும்புகிறேன்.

1937 அக்டோபர் 1. அன்றைக்குச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. சென்னை மாகாணப் பிரதமராக ராஜாஜி பதவியேற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதே நாளில் அமெரிக்காவில் மரிவானா வரிச் சட்டம் அமலுக்கு வந்தது. பெயரளவில் வரிச் சட்டம், நடப்பில் தடைச் சட்டம். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் தேதி ஒன்றாக இருப்பதால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்கர்கள் பதின்மூன்று ஆண்டுகள் மதுவிலக்கு நடத்திப் பார்த்துவிட்டு 1933 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். நான்கே ஆண்டுகளில் கஞ்சாவின் மேல் பாய்ந்தார்கள். நாம் சேலத்தில் இரண்டையும் சேர்த்தே தடுத்தோம். ஆம், இரண்டையும்தான். 1937ஆம் ஆண்டுச் சென்னை மதுவிலக்குச் சட்டத்தின் முகப்புரையைப் படித்துப் பாருங்கள். போதை தரும் மது வகைகள், போதை தரும் மருந்துகள் இரண்டுமே அதில் இருக்கின்றன. கஞ்சாவும் பாங்கும் அந்த இரண்டாவது வகையில் வருகின்றன. இரண்டுக்கும் ஒரே பிரிவு, ஒரே நியாயம்.

அரசமைப்பை எழுதியவர்களும் அப்படியே நினைத்தார்கள். 47ஆம் உறுப்பு, மதுவையும் உடல்நலத்தைக் கெடுக்கும் போதை மருந்துகளையும் மருத்துவத் தேவைக்கன்றி நுகர்வதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன.

இன்றைக்கு நிலைமை என்ன? ஒன்றை அரசே தன் கடையில் விற்கிறது. இன்னொன்றை வைத்திருந்தால் இருபது ஆண்டுவரை சிறை. ஒரே வாக்கியத்தில் இருந்த இரண்டும் இவ்வளவு தூரம் விலகிப் போனது எப்படி? மது குறைவாகக் கெடுக்கிறது, கஞ்சா அதிகமாகக் கெடுக்கிறது என்று யாரோ ஆராய்ந்து கண்டுபிடித்ததால் விலகின என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி எதுவும் நடக்கவில்லை. கஜானாவும் பட்டியல்களும் பிரித்த பிரிவு இது.

மதுவின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் கலைஞர் அரசு தளர்த்தியது, 1974இல் திரும்பக் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003இல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. அந்தச் சில்லறை விற்பனைக்கான விதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டன தெரியுமா? 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். அது இன்றும் உயிரோடு இருக்கிறது. மதுக்கடையை நடத்துகிற துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான். உலகத்தில் வேறெங்காவது தடைச் சட்டத்தை வைத்துக் கடை நடத்துகிறார்களா என்று மாணவர்கள் யாராவது ஆய்வு செய்யலாம்.

ராஜாஜி மதுவிலக்கால் வந்த வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கு போய்விட்டது, விற்பனை வரி தங்கிவிட்டது. பிறகு சரக்கு சேவை வரி வந்து, மாநிலங்கள் தாமாக விகிதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெரும்பாலான பொருட்களில் எடுத்துக்கொண்டது. அதற்கு வெளியே மாநிலத்தின் கையில் மிஞ்சியவற்றில் பெரியவை இரண்டு: பெட்ரோல் டீசல் ஒன்று, குடிக்கும் மது மற்றொன்று. 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அடுத்த ஆண்டு 48,000 கோடியைத் தாண்டியது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் ஐந்நூறு கடையை மூடிவிட்டு அதோடு நின்றுவிடுவது ஏன் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். 2016, 2017, 2023 என்று மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறாக மூடினார்கள். மொத்தத்தில் வருவாய் குறையவில்லை.

கஞ்சாவுக்கும் ஒரு காலத்தில் இதே போன்ற வருவாய் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சா ஆயத்தீர்வைக்கு உட்பட்ட சரக்கு. பயிரிட உரிமம், விற்க உரிமம், கடை ஏலம் எல்லாம் உண்டு. நம் ஜவ்வாது மலையிலேயே பயிராகியிருக்கிறது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 51ஆம் இனத்தை எடுத்துப் பாருங்கள். மாநிலம் ஆயத்தீர்வை விதிக்கக்கூடியவற்றில் குடிக்கும் மதுவுக்கு அடுத்து, அபினியோடு சேர்த்து, இந்தியக் கஞ்சாவும் இன்றுவரை எழுதியிருக்கிறது. தீர்வை விதிக்கலாம், விற்க முடியாது! மது மாநிலப் பட்டியலின் 8ஆம் இனத்தில் முழுக்க மாநிலத்தின் சொத்தாக நின்றுவிட்டது. போதை மருந்துகளோ பொதுப் பட்டியலின் வழியாக மத்திய அரசின் கைக்குப் போயின. வருவாய் இருக்கிற இடத்தில் சட்டம் தளர்ந்தது. வருவாய் அற்றுப்போன இடத்தில் இறுகியது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்பினார். இந்தியாவில் அரசே கஞ்சாவுக்கு உரிமம் கொடுத்து மக்களைக் கெடுக்கிறதா என்று. அவர் தீவிர மதுவிலக்குக்காரர். அந்தக் கேள்வியின் விளைவாக இந்தியக் கஞ்சா ஆணைக்குழு அமைந்தது. மக்வொர்த் யங் தலைவர். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். பல மாகாணங்களுக்கும் போய், 1,193 சாட்சிகளைக் கேட்டு, மூவாயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை கொடுத்தார்கள். மருத்துவர்கள், ஆட்சியர்கள், மிஷனரிகள், விவசாயிகள், சாமியார்கள் என்று எல்லோரையும் கேட்டிருக்கிறார்கள். நம் காலத்தில் ஒரு சட்டத் திருத்தத்துக்கு முன் இவ்வளவு பேரைக் கேட்ட குழு எது?

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த பகுதி மனநலக் காப்பகங்களைப் பற்றியது. கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது அன்றைக்கும் எல்லோரும் சொன்னதுதான். அதற்குக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளையே ஆதாரமாகக் காட்டினார்கள். ஆணைக்குழு அந்தப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டியது. மனம் பிறழ்ந்த ஒருவரைப் போலீஸ்காரர் காப்பகத்துக்குக் கூட்டி வருகிறார். கையில் ஒரு படிவம். அதில் 'நோய்க்குக் காரணம்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும். போலீஸ்காரர் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார். "கஞ்சா குடிப்பானா?" "எப்பவாவது குடிப்பான்." கட்டத்தில் கஞ்சா என்று எழுதியாயிற்று. மருத்துவர் அதைப் பதிவேட்டில் அப்படியே ஏற்றுகிறார். பதிவேடு ஆண்டறிக்கையாகிறது. ஆண்டறிக்கை விஞ்ஞானமாகிறது. 1892ஆம் ஆண்டில் கஞ்சாவால் வந்தவை என்று எழுதப்பட்ட 222 நேர்வுகளை ஆணைக்குழு ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தபோது பாதிகூடத் தேறவில்லை.

ஆணைக்குழு கஞ்சாவை வெள்ளையடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அளவோடு பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய தீங்கு இல்லை, அளவு மீறுகிறவர்களுக்குத் தீங்கு உண்டு, ஏற்கெனவே மனம் பலவீனமானவர்களுக்கு நோயைத் தூண்டலாம் என்றது. முழுத் தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை என்றது. தடுத்தால் சனங்கள் ஊமத்தைக்கோ சாராயத்துக்கோ போவார்கள் என்ற அச்சத்தையும் பதிவு செய்தது. பரிந்துரை: வரி, உரிமம், கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, கையில் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு. பிற்பாடு நியூயார்க் மேயர் லா கார்டியா அமைத்த குழு 1944இல், பிரிட்டனின் வூட்டன் குழு 1968இல், அமெரிக்க அதிபர் நிக்சனே தலைவரை நியமித்த ஷேஃபர் குழு 1972இல், எல்லாம் ஏறக்குறைய இதே பக்கம்தான் வந்து நின்றன. மூன்றின் அறிக்கையையும் அந்தந்த அரசுகள் அலமாரியில் வைத்துப் பூட்டின. நிக்சன் தன் குழுவின் அறிக்கையைத் தள்ளிவிட்டுப் போதை மீதான போரை நடத்தினார்.

1961இல் ஐ.நா.வின் ஒற்றைப் போதைப்பொருள் உடன்படிக்கை வந்தது. கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிக்கொத்து, அதோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது என்று அதில் வரையறுத்திருக்கிறது. பழைய வழக்கம் உள்ள நாடுகளுக்கு இருபத்தைந்து ஆண்டு அவகாசமும் கிடைத்தது. உடன்படிக்கை அமலுக்கு வந்தது 1964 டிசம்பரில், அவகாசம் முடிவது 1989 டிசம்பரில். அதற்கு முன்னாலேயே நாம் சட்டம் போட்டுவிட்டோம். கோர்ட்டில் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்று சொல்கிற போதைப்பொருள் சட்டம் 1985 ஆகஸ்ட் 23 அன்று மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வந்தது. செப்டம்பர் 16 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. இரண்டு அவைகளும் ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டன. 1,193 சாட்சிகள் எங்கே, இருபத்து நான்கு நாள் எங்கே! இலைக்கு விலக்கு இருப்பதால் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் இன்றும் நடக்கின்றன. அதே செடியின் இலையை அங்கே பாலில் கலந்து குடிக்கலாம், பூவை இங்கே பொட்டலமாக வைத்திருந்தால் குற்றவாளி.

இனி நான் நன்றாக அறிந்த இடத்துக்கு வருகிறேன். நீதிமன்றம்.

கஞ்சா வழக்கில் எடைதான் எல்லாம். 2001 திருத்தத்துக்குப் பிறகு ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, இருபது கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. ஒரு கிலோவுக்குள் இருந்தால் அதிகபட்சம் ஓராண்டு. ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து ஆண்டு வரை போகலாம். வணிக அளவென்றால் பத்துக்குக் குறையாமல் இருபது வரை, அதோடு 37ஆம் பிரிவு வந்து நிற்கும். இவர் குற்றம் செய்திருக்கமாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என நீதிபதி திருப்தி அடைந்தால்தான் ஜாமீன். விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பில் பாதியை எழுதச் சொல்கிற பிரிவு அது.

நம் ஊர் ஜாமீன் மனுக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எண் மனப்பாடமாக இருக்கும்: 1 கிலோ 100 கிராம். ஊர் மாறும், பேருந்து நிலையம் மாறும், ஆள் மாறும், அந்த எண் அடிக்கடி மாறாமல் வரும். கஞ்சா குடிக்கிற எல்லோரும் அப்படி ஒரு அளவாக வாங்கி வைத்துக்கொண்டு ரோந்துப் போலீசுக்காகக் காத்திருக்கிறார்களா என்று ஒரு முறை வாதத்தில் கேட்டேன். நீதிபதி சிரித்தார், ஜாமீன் மட்டும் இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது. சமையல் கான்டிராக்டரிடம் கேட்டரிங் வேலை. வெளியே வராந்தாவில் அவன் அம்மா என்னிடம் கேட்டது: "சார், கடையில வாங்கிக் குடிச்சிருந்தா வீட்ல விழுந்து கெடந்திருப்பான்ல? காலையில வேலைக்குப் போயிருப்பான்ல?" அந்த அம்மாவின் கணவர் அப்படித்தான் விழுந்து கிடந்து, கல்லீரல் கெட்டு இறந்துபோனவர். அது தெரிந்தும்தான் அப்படிக் கேட்டார்.

சட்டம் இறுகினால் விசாரணையும் நேர்த்தியாகும் என்று எதிர்பார்ப்போம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், போதைத் தடுப்பு அதிகாரியிடம் 67ஆம் பிரிவின் கீழ் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு. சட்டம் வந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து இந்தத் தீர்ப்பு. அதற்குள் அந்த வாக்குமூலத்தை மட்டுமே நம்பி எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. மறுபுறம், 2023இல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கு ஒன்று. மாதிரிக்கு எடுத்த சிறு அளவு போக மிச்சத்தை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் தரப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலை. எலிக்கு 37ஆம் பிரிவு பொருந்தாது.

சரி, எது அதிகம் கெடுக்கிறது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையில்லை.

2010இல் டேவிட் நட் தலைமையில் பிரிட்டிஷ் நிபுணர்கள் லான்செட் இதழில் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். பயன்படுத்துகிறவருக்கும் பிறருக்கும் வரும் தீங்கைச் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டதில் மதுவுக்கு 72, ஹெராயினுக்கு 55, கஞ்சாவுக்கு 20. இதே மாதிரி பேசியதற்காகத்தான் முந்தைய ஆண்டு அரசின் ஆலோசனைக் குழுத் தலைமையிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள். நம் நாட்டுக் கணக்கு 2019இல் வந்தது. எய்ம்ஸின் போதை மீட்பு மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எடுத்த கணக்கெடுப்பு. 10 முதல் 75 வயதுக்குள் 14.6 சதவீதம் பேர் மது குடிக்கிறார்கள், 2.8 சதவீதம் பேர் பாங்கோ கஞ்சாவோ பயன்படுத்துகிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்கள் 2.7 சதவீதம், கஞ்சாவுக்கு 0.25. குடிக்கிறவர்களில் ஐந்து பேரில் ஒருவர் அடிமை, கஞ்சாவில் பதினொருவரில் ஒருவர். 2019இல் உலகம் முழுவதும் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கஞ்சாவை மட்டும் அளவு மீறி இழுத்ததால் மூச்சு நின்று இறந்தவரைக் காண்பது அரிது. குடியைத் திடீரென்று நிறுத்தினாலோ வலிப்பு வந்து உயிரே போகலாம், மருத்துவமனைகளில் அன்றாடம் பார்க்கிறார்கள்.

இந்த எண்களைக் காட்டிவிட்டு, ஆகவே கஞ்சாவும் கடையில் விற்கலாம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மது இவ்வளவு கெடுப்பதற்கு ஒரு காரணம் அதன் வேதியியல், இன்னொரு காரணம் அது மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெருமுனையில் கிடைப்பது. கஞ்சா குறைவாகக் கெடுப்பதற்கு ஒரு காரணம் அது கிடைக்கச் சிரமமாக இருப்பது. இந்த ஒப்பீட்டைக் கஞ்சா ஆதரவாளர்கள் பாதி வரைக்கும்தான் படிக்கிறார்கள்.

கஞ்சா பழைய கஞ்சாவும் அல்ல. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்தபோது 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த, போதை தரும் டி.எச்.சி. வேதிப்பொருள் 2014இல் 12 சதவீதமாகியிருந்தது. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் இப்போது பிடிபடுகிற ஹைட்ரோபோனிக் சரக்கு சாமியார் சிலும்பியில் வைத்து இழுத்த சரக்கு அல்ல. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைக்கிறவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று கண்டது. பதினைந்து பதினாறு வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவைக் காட்டி இதை ஒதுக்க முடியாது, அவர்கள் பார்த்த பொருள் வேறு.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். பயன்படுத்துகிறவனைக் குற்றவாளியாக்காதீர்கள், கடையும் திறக்காதீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரு தரப்புக்கும் கோபம் வருகிறது. ஒரு தரப்பு நான் சிறையைத் திறந்துவிடுகிறேன் என்கிறது, மற்றத் தரப்பு நான் கதவைப் பாதி திறந்துவிட்டு நிற்கிறேன் என்கிறது. பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு நாட்டின் இருபது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

போர்ச்சுகல் 2001 ஜூலை முதல் எல்லாப் போதைப்பொருளுக்கும் தனிப்பயன்பாட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. பத்து நாள் தேவைக்கு உட்பட்ட அளவு, கஞ்சா என்றால் 25 கிராம். பிடிபட்டால் பொருள் பறிமுதல், ஆள் மூவர் கொண்ட ஒரு குழுவின் முன்னால் போக வேண்டும். அந்தக் குழு நீதிமன்றம் அல்ல. அடிமையா, விளையாட்டா என்று பார்த்து, சிகிச்சைக்கு அனுப்பும், அபராதம் விதிக்கும், அல்லது எச்சரித்து விட்டுவிடும். விற்பனை இன்றும் குற்றம்தான். கடை கிடையாது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் இதைப் பார்த்து 2021இல் காப்பியடித்தது. சிகிச்சை மையங்களை ஏற்படுத்தும் முன்பே தண்டனையை எடுத்தது. தெருவில் ஃபென்டனில் என்ற போதைப்பொருள் பெருகியிருந்த நேரம் வேறு. 2024 செப்டம்பரில் திரும்பவும் குற்றமாக்கிவிட்டார்கள். போர்ச்சுகலில் மருத்துவர்கள் முதலில் வந்தார்கள், சட்டம் அவர்கள் பின்னால் வந்தது. ஒரேகானில் வரிசை மாறிவிட்டது.

தாய்லாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம் பின்னால் வரும் என்றார்கள். வரவில்லை. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று பின்வாங்கினார்கள். இதற்கு நடுவில் அந்தச் சரக்கு நம் விமான நிலையங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் கொஞ்சம் கவனமாகச் செய்தது: வெளியே 25 கிராம், வீட்டில் மூன்று செடி, லாபநோக்கற்ற சங்கங்கள் தம் உறுப்பினருக்கு மட்டும் கொடுக்கலாம், கடை இல்லை. அது எப்படிப் போகிறது என்று பார்க்க இன்னும் காலம் இருக்கிறது.

நமக்கு எச்சரிக்கை தேடி பாங்காக் போக வேண்டியதில்லை. அரசே ஒரு போதையை விற்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டாஸ்மாக்கைவிட நல்ல பாடம் உலகில் கிடையாது. முதலில் கள்ளச்சாராயத்தை ஒழிக்க என்பார்கள். பிறகு வருவாய்க்கு. பிறகு நலத்திட்டங்களுக்கு. பிறகு அதை மூடினால் நலத்திட்டம் நின்றுவிடும் என்று குடிக்கிறவரின் மனைவியிடமே சொல்வார்கள். கள்ளச்சாராயமாவது ஒழிந்ததா? 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கு மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் அறுபதுக்கு மேற்பட்டோர் மெத்தனால் குடித்து இறந்தார்கள். டாஸ்மாக் சீசா வாங்கக் காசில்லாத கூலித்தொழிலாளிகள் அவர்களில் நிறைய. உடனே தண்டனையை ஆயுள்வரை கூட்டித் திருத்தச் சட்டம் வந்தது. தண்டனையைக் கூட்டுவதற்குச் செலவில்லை, அதனால்தான் எல்லா அரசுகளுக்கும் அது பிடிக்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றைக் கேள்வி நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். "மதுவையே சமாளிக்க முடியவில்லை, இதில் இன்னொன்றுக்கும் இடம் கொடுப்பதா?" இதைப் பெரும்பாலும் பெண்கள் கேட்கிறார்கள், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. மதுக்கடைக்கு முன்னால் உட்கார்ந்து மறியல் செய்தவர்கள் அவர்கள்தான். சேலத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலையில் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்துபோனார். அந்தப் போராட்டங்களில் எதிலாவது, குடிக்கிறவனைப் பிடித்து ஜெயிலில் போடு என்ற கோஷம் கேட்டதா? கடையை எடு என்றுதான் கேட்டார்கள். குடிகாரக் கணவனைத் திருத்த ஆஸ்பத்திரியும், கடையை மூட அரசாணையும் கேட்டார்கள். மது விஷயத்தில் இந்தத் தெளிவு அவர்களுக்கு இருந்தது. கஞ்சாவிலும் அதையேதான் நான் சொல்கிறேன்.

அப்படியானால் சட்டத்தில் எதை மாற்றுவது? 27ஆம் பிரிவு பயன்படுத்துவதையே குற்றமாக்குகிறது, கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைக் குற்றவியல் பகுதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். வைத்திருப்பதில் எனக்குள்ள கருத்து என் நண்பர்களுக்குப் பிடிக்காது. ஒரு கிலோ என்ற நம் 'சிறிய அளவு' உண்மையில் மிகப் பெரியது. போர்ச்சுகலும் ஜெர்மனியும் 25 கிராமில் நிற்கின்றன. ஒரு கிலோ வைத்திருப்பவன் தனக்காக மட்டும் வைத்திருக்கிறான் என்று நான் வாதாடியிருக்கிறேன், என் தொழில் அது. சட்டம் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்தால் அப்படி எழுதமாட்டேன். 50 கிராம் வரை குற்றமே இல்லை, பறிமுதலும் ஆலோசனைக் குழுவும் மட்டும் என்று வைக்கலாம். அதற்கு மேலே விற்பவனைத் தேடட்டும். ஆந்திர ஒடிசா எல்லை மலைகளிலிருந்து லாரியிலும் ரயிலிலும் வந்து, வேதாரண்யம் ராமநாதபுரம் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகிற சரக்கைப் பிடிக்க ஆள் வேண்டும். கல்லூரி வாசலில் ஐந்து கிராம் பொட்டலத்துக்கு மகஜர் எழுதுகிற காவலரின் நேரம் அங்கே போகட்டும்.

ஐந்து கிராம் வழக்கில் அபராதம் கட்டிவிட்டு வந்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் போலீஸ் விசாரணை. அரசு வேலைக்குத் தேர்வானால் நன்னடத்தைச் சரிபார்ப்பு. காவலர் தேர்வெழுதும் பையன்களுக்கு இதனால் வேலை போனதை நான் பார்த்திருக்கிறேன். அதே தேர்வெழுதும் பையன் முந்தின இரவு டாஸ்மாக் பாரில் உட்கார்ந்திருந்தால் அது எந்தப் படிவத்திலும் ஏறாது.

மத்திய சட்டம், டெல்லி மாற்றினால்தானே என்பார்கள். 2021 கடைசியில் மத்திய சமூக நீதி அமைச்சகமே சிறிய அளவிலான தனிப்பயன்பாட்டைக் குற்றமல்லாததாக்கப் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த திருத்தமோ 2014இல் நேர்ந்த ஒரு எண் பிழையைச் சரிசெய்துவிட்டுப் போனது. 2020இல் ஐ.நா. ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து எடுக்க 27க்கு 25 என்று வாக்கெடுப்பு முடிந்தபோது இந்தியா ஆதரவாகக் கைதூக்கியது. வியன்னாவில் தூக்கிய கை டெல்லியில் இன்னும் எழவில்லை.

டெல்லி எழும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 39ஆம் பிரிவு. 27ஆம் பிரிவிலோ சிறிய அளவு வழக்கிலோ குற்றவாளி எனத் தீர்ப்பான, போதைக்கு அடிமையான ஒருவரை, தண்டனை விதிப்பதற்குப் பதிலாக, அவர் சம்மதத்தோடு அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு வழக்கிலிருந்தே பாதுகாப்புத் தருகிறது. இரண்டும் புத்தகத்தில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. நான் 39இன் கீழ் மனுப் போட்டபோதெல்லாம் நீதிபதிகள் கேட்டது ஒரே கேள்வி: எந்த மருத்துவமனை, படுக்கை இருக்கிறதா, கடிதம் கொண்டுவந்திருக்கிறீர்களா? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் போதை மீட்புக்கென்று பத்துப் படுக்கை, ஒரு மனநல மருத்துவர், நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க ஓர் அலுவலர். இதற்கு டெல்லியின் அனுமதி வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். டாஸ்மாக்கின் ஒரு நாள் வருவாயில் எல்லா மாவட்டத்துக்கும் தொடங்கிவிடலாம். அதே வார்டில் குடிநோயாளிகளுக்கும் இடம் கொடுக்கலாம், மருத்துவருக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். 37ஆம் பிரிவைப் பற்றிக் கேட்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள், அதற்கு நேரம் பிடிக்கும்.